பூமியை அளந்த லாம்ப்டன்

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிச் சென்னைக்கு உத்தியோகத்திற்கும் வியாபாரத்திற்கும் போய்வரும் ஜனங்கள் நாள்தோறும் பரங்கிமலையைக் கடந்தே செல்கிறார்கள். அம்மலையின் உச்சியில் தோமையார் ஆலயம் இருப்பது யாவருக்கும் தெரியும். அங்கேயே வெள்ளைக்காரர் ஒருவரின் மார்பளவுச் சிலையும் இருப்பது சிலருக்குத்தான் தெரியும். அவர் மதபோதகர் அல்லர். கவர்னராக இருந்தவரும் அல்லர். வில்லியம் லாம்ப்டன் என்ற பட்டாளத்து அதிகாரி. நமது தேசத்தின் உண்மையான உருவம் என்ன, அதன் நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு என்ற கேள்விகளுக்கு ஊகத்தினால் அன்றிக் கணக்கினால் விடை கூற வேண்டும் என்று புறப்பட்டவர் அவர். அந்தக் கணக்கின் முதல் வரி 1802ஆம் வருஷம் ஏப்ரல் 10ஆம் தேதியன்று பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் இடையிலுள்ள தரையில் எழுதப்பட்டது.

அன்னிய ஆட்சிக்கு ஊழியம் செய்த ஒருவரைப் பற்றி இந்தப் பத்தியில் எழுதுவானேன் என்று நேயர்களில் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அவர் அளந்தது நம்மை ஆள்வதற்காக. அதில் சந்தேகமில்லை. ஆனால் அளந்த நிலம் நம்முடையது. அளந்த முறை எவருடைய சொத்தும் அல்ல. ஹைஸ்கூல் மாணவனுக்கும் எட்டக்கூடியது. ஆண்டவர்கள் போய்விட்டார்கள், படம் நம் கைக்கு வந்துவிட்டது. அதைப் படிக்கும் பழக்கம் நமக்கு வந்திருக்கிறதா என்பதே இப்போதுள்ள கேள்வி. அதற்கு லாம்ப்டனின் சரித்திரமே நல்ல பாடப் புத்தகமாக அமைந்திருக்கிறது.

அவர் 1750-களில் இங்கிலாந்தின் வடபகுதியான யார்க்ஷயரில் நார்தலர்ட்டன் என்ற ஊருக்கு அருகே எளிய விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பணமும் சிபார்சும் இல்லாத பையனுக்குக் கணிதம் ஒன்றே கைகொடுத்தது. பட்டாளத்தில் சேர்ந்து 1781இல் 33ஆம் காலாட்படையில் கீழ்நிலை அதிகாரியானார். அந்தப் படை அப்போது அமெரிக்காவில் சுதந்திரப் போராட்ட வீரர்களுடன் சண்டையிட்டுக் கொண்டிருந்தது. அதே வருஷம் அக்டோபரில் யார்க்டவுன் என்ற இடத்தில் காரன்வாலிஸ் பிரபுவின் சேனை ஜார்ஜ் வாஷிங்டனிடம் சரணடைந்தது. சிறைப்பட்டவர்களில் லாம்ப்டனும் ஒருவர். அமெரிக்காவில் தோற்ற அதே காரன்வாலிஸ் பின்னர் கவர்னர் ஜெனரலாக இங்கு வந்து, 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து பாதி ராஜ்யத்தை வாங்கிக்கொண்டதை நேயர்கள் அறிவார்கள். ஏகாதிபத்தியம் ஒரு கரையில் இழந்ததை மறு கரையில் ஈடுசெய்துகொண்டது.

யுத்தம் முடிந்த பின் லாம்ப்டன் கானடாவின் நியூ பிரன்ஸ்விக் பிரதேசத்தில் பட்டாள விடுதிகளை மேற்பார்க்கும் சிறு உத்தியோகத்தில் பல வருஷங்கள் இருந்தார். குடியேற வந்தவர்களுக்கு நிலம் அளந்து கொடுக்கும் வேலையும் சேர்ந்தது. குளிர்காலம் முழுவதும் கணித நூல்களும் வான சாஸ்திர நூல்களுமே துணை. சூரிய கிரகணம் ஒன்றைப் போதிய பாதுகாப்பின்றிப் பார்த்ததில் இடது கண்ணின் பார்வை கெட்டது. பிற்காலத்தில் அவர் செய்த கோடிக்கணக்கான அங்குலங்களுக்கு உரிய அளவெல்லாம் ஒரு கண்ணை நம்பியே செய்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நட்சத்திரம் காட்டிய திசை

1790-களின் பிற்பகுதியில் அவர் தமது படையுடன் இந்தியா வந்து சேர்ந்தார். அப்போது அப்படைக்குத் தலைவர் ஆர்தர் வெல்லெஸ்லி. பிற்காலத்தில் நெப்போலியனை வாட்டர்லூவில் தோற்கடித்த வெல்லிங்டன் பிரபு அவரே. அவருடைய தமையனார் அப்போது கவர்னர் ஜெனரல். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் மீது கும்பினியார் கடைசிப் படையெடுப்பு நடத்தினர். லாம்ப்டன் ஜெனரல் பேர்டின் உதவி அதிகாரியாகச் சென்றார்.

ஓரிரவு நடந்த சம்பவம் இது. பேர்டின் படைப்பிரிவு இருட்டில் தோப்புகளைச் சோதித்துவிட்டுத் தன் முகாமை நோக்கித் தெற்கே திரும்புவதாக நினைத்து நடந்துகொண்டிருந்தது. லாம்ப்டன் அண்ணாந்து பார்த்தார். நட்சத்திரங்கள் வேறு செய்தி சொல்லின. படை போய்க்கொண்டிருந்தது வடக்கே. அதாவது நேராகத் திப்புவின் வாயிலை நோக்கி. அதை ஜெனரலிடம் தெரிவித்தபோது, திசையறிய நட்சத்திரங்களைக் கலந்தாலோசிக்க வேண்டிய அவசியம் தமக்கில்லை என்ற தோரணையில் அவர் அலட்சியம் செய்தாராம். சற்று நேரத்தில் விளக்கைக் கொண்டுவந்து திசைகாட்டியைப் பார்த்ததும் லாம்ப்டன் கூறியதே சரியென்று தெரிந்தது. படை திரும்பிற்று. லாம்ப்டன் அன்றிரவு வாயை மூடிக்கொண்டிருந்தால் மைசூர் யுத்தத்தின் ஒரு சிறு அத்தியாயமாவது வேறு விதமாக எழுதப்பட்டிருக்கும்.

அவர் அன்று பார்த்தது பெரிய ரகசியம் எதுவும் அல்ல. துருவ நட்சத்திரம் ஏறக்குறைய அசையாமல் வடக்கே நிற்கிறது. அடிவானத்திலிருந்து அது எத்தனை டிகிரி உயரத்தில் நிற்கிறதோ, ஏறக்குறைய அதுவே நாம் நிற்கும் இடத்தின் அட்சரேகை. கன்னியாகுமரியில் அது 8 டிகிரி உயரத்தில் தாழ்ந்து நிற்கும். தாம்பரத்தில் சுமார் 13. டில்லியில் 28க்கு மேல். பூமி தட்டையாக இருந்திருந்தால் இந்த வித்தியாசம் ஏற்பட இடமேது? அட்சரேகை என்பது படத்தில் குறுக்கே கிடக்கும் வெறும் கோடல்ல. தலைக்கு மேலுள்ள ஆகாயத்தின் சாய்வைத் தரையில் எழுதிவைத்த கணக்கு.

மே 4ஆம் தேதி திப்பு போர்க்களத்தில் வீழ்ந்தார். மைசூர் பங்கிடப்பட்டது. அக்டோபரில் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801இல் கர்நாடக நவாபின் ஆட்சியதிகாரம் கும்பினியாரிடம் போய்ச் சேர்ந்தது. அதே வருஷம் அக்டோபரில் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். இவ்வாறு இரண்டே வருஷங்களில் கிழக்குக் கடலிலிருந்து மேற்குக் கடல் வரை தென்னாடு முழுவதும் ஒரே அதிகாரத்தின் கீழ் வந்துவிட்டது. வந்த நாட்டின் நீள அகலம் வந்தவர்களுக்கே தெரியாது. அதுவரை இருந்த படங்களில் மேலானது ரென்னல் 1782இல் வெளியிட்டது. அதுவும், சில ஊர்களின் இடத்தை நட்சத்திரங்களைக் கொண்டு நிர்ணயித்துவிட்டு, மற்றவற்றைப் படைகள் நடந்த வழித்தூரங்களைக் கொண்டு நிரப்பியதே. வளைந்து செல்லும் பாதையில் நடந்த தூரத்தை நேர்கோடாக எவ்வளவு குறைப்பது? அது ஊகம்தான்.

இந்தச் சந்தர்ப்பத்தில்தான் லாம்ப்டன் தமது யோசனையைச் சமர்ப்பித்தார். இரு கடற்கரைகளுக்கும் இடையே தீபகற்பத்தின் குறுக்கே முக்கோணங்களைப் பிணைத்துக்கொண்டு போகலாம். அதனால் ஊர்களின் இடம் தவறாமல் நிர்ணயமாகும். அதோடு பூமியின் வடிவத்தைப் பற்றிய சாஸ்திர விவாதத்திற்கும் விடை கிடைக்கும் என்பது யோசனையின் சாரம். வெல்லெஸ்லியின் ஆதரவு இருந்தபடியால் சென்னை சர்க்கார் 1800இல் சம்மதித்தது. கும்பினியார் கண் வைத்தது முதல் பாதியின் மீது. லாம்ப்டனின் மனம் கிடந்ததோ இரண்டாம் பாதியில்.

ஏழரை மைல்

யோசனை அங்கீகாரமானதும் கருவிகளுக்குப் பஞ்சம். நூறு அடி நீளமுள்ள ஓர் எஃகுச் சங்கிலி கல்கத்தாவில் அகப்பட்டது. அதற்கு ஒரு வேடிக்கையான பூர்வோத்தரம் உண்டு. லண்டனில் ராம்ஸ்டன் என்ற பிரசித்தி பெற்ற கருவியாளர் செய்த அச்சங்கிலியையும், உச்சி நட்சத்திரங்களை அளக்கும் ஒரு யந்திரத்தையும், மக்கார்ட்னி பிரபுவின் தூதுகோஷ்டி சீனச் சக்கரவர்த்திக்குக் காணிக்கையாகக் கொண்டுபோயிற்று. அவர் வேண்டாமென்று தள்ளிவிட்டார். சக்கரவர்த்திக்கு உதவாத சங்கிலி பரங்கிமலைக்கு வந்தது. கோணங்களை அளக்கும் தியோடலைட் என்ற பெரிய யந்திரம் லண்டனில் கேரி என்பவரிடம் செய்விக்கப்பட்டது. அரை டன் நிறை. அதை ஏற்றிவந்த கப்பலை வழியில் பிரெஞ்சுக்காரர் பிடித்து மொரீஷியஸ் தீவுக்குக் கொண்டுபோய்விட்டனர். பெட்டியைத் திறந்து பார்த்து, இது பீரங்கி அல்ல, சாஸ்திரக் கருவி என்று கண்ட பிரெஞ்சு கவர்னர் மரியாதையாக ஒரு கடிதமும் வைத்துச் சென்னைக்கு அனுப்பிவிட்டார். யுத்த காலத்திலும் சத்துருக்களிடையே இப்படி ஒரு நாகரிகம் இருந்தது.

பெரிய யந்திரம் வரும் வரை சும்மா இராமல், முதலில் அளக்க வேண்டிய அடிப்படைக் கோட்டை லாம்ப்டன் தொடங்கினார். பரங்கிமலைக்கு அருகே குதிரைப் பந்தயத் திடலில் ஒரு முனை. ஏறக்குறைய நேர் தெற்கே பெரும்பாக்கம் குன்றுக்கு அருகில் மறு முனை. இடையில் சமதரை. கண்ணுக்குக் குறுக்கே நிற்கும் மேடு இல்லை. கடல் மட்டம் பக்கத்திலேயே இருக்கிறது. நுங்கம்பாக்கத்து வானாராய்ச்சிக் கூடமும் கிட்ட இருக்கிறது. இன்று மடிப்பாக்கம், கோவிலம்பாக்கம், மேடவாக்கம் என்று வீடுகள் தோள் உரசி நிற்கும் அந்தப் பிரதேசம் அன்று வயலும் ஏரியும் பனையுமாகக் கிடந்தது.

ஏழரை மைல் தூரத்தை நூறடிச் சங்கிலியால் அளப்பதென்றால் ஏறத்தாழ 400 தடவை சங்கிலியை மாற்றிப் போட வேண்டும். ஒரு தடவைக்கு நூல் இழை அகலம் பிசகினாலும் முடிவில் அது முழம் கணக்கில் வந்து நிற்கும். ஆகவே சங்கிலி தரையில் படவே கூடாது. முக்காலிகளின் மேல் மரப்பெட்டிகளை மட்டம் பார்த்து வரிசையாக நிறுத்தி, அவற்றினுள் சங்கிலியைக் கிடத்தி இழுத்து, பக்கத்தில் வெப்பமானிகளை வைத்தார்கள். வெப்பமானி எதற்கு? எஃகு வெயிலில் நீளும். ஒரு டிகிரி பாரன்ஹீட் வெப்பம் கூடினால் ஏழரை மைல் நீள எஃகு ஏறத்தாழ மூன்று அங்குலம் நீண்டுவிடும். சென்னையில் சித்திரை மாதம். விடியற்காலைக்கும் நடுப்பகலுக்கும் இருபது டிகிரி வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால் அறுபது அங்குலம், அதாவது ஐந்தடி. காலையில் அளந்த பெரும்பாக்கமும் நண்பகலில் அளந்த பெரும்பாக்கமும் ஐந்தடி தள்ளி நிற்கும்! சங்கிலிக்கு நிழல் செய்து, ஒவ்வொரு போடுதலுக்கும் வெப்பத்தைக் குறித்து, அதற்கேற்பக் கழித்துக் கூட்டி, கடல் மட்டத்திற்கு இறக்கிக் கணக்கிட்டு, மே மாதம் 22ஆம் தேதி வேலையை முடித்தார்கள்.

அக்கினி நட்சத்திரத்தில் அந்தப் பெட்டிகளைத் தூக்கி நகர்த்தியவர்கள் யார்? நமது ஜனங்கள்தாம். லாஸ்கர்கள் என்றும் கூலிகள் என்றும் மொத்தக் கணக்கில் அவர்கள் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறார்கள், பெயர்களாக இல்லை.

இவ்வளவு பாடுபட்டு ஒரே ஒரு கோட்டை அளப்பானேன்? இங்கேதான் முறையின் சூட்சுமம் இருக்கிறது. ஒரு முக்கோணத்தில் ஒரு பக்கத்தின் நீளமும் அதன் இரு முனைகளிலுள்ள கோணங்களும் தெரிந்தால் மற்ற இரு பக்கங்களையும் அளக்காமலே கண்டுவிடலாம். பரங்கிமலையில் நின்று தூரத்திலுள்ள ஒரு குன்றைப் பார்த்துக் கோணம் எடு. பெரும்பாக்கத்தில் நின்று அதே குன்றைப் பார்த்துக் கோணம் எடு. அந்தக் குன்றுக்கு யாரும் சங்கிலி இழுத்துப் போகவேண்டியதில்லை. தூரம் காகிதத்தில் வந்துவிடும். அவ்வாறு வந்த பக்கமே அடுத்த முக்கோணத்திற்கு அடிப்படை. அதிலிருந்து இன்னொன்று. ஆறு குறுக்கிட்டாலும் காடு குறுக்கிட்டாலும் கண் தாண்டிப் போய்விடும். தேசம் முழுவதையும் கண்ணாலேயே அளக்கலாம். ஆனால் முதல் கோடு பிசகினால் அதன் மேல் நிற்கும் அத்தனை முக்கோணங்களும் பிசகும். படத்தின் மூலதனம் அந்த ஏழரை மைல்தான்.

நாற்பது மைல் காணாமற் போனது

செப்டம்பரில் பெரிய தியோடலைட் வந்து சேர்ந்ததும் முக்கோணங்கள் கடற்கரையோரமாகக் கடலூர்ப் பக்கம் இறங்கின. அவற்றைக் கொண்டு இந்த அட்சத்தில் ஒரு டிகிரி என்பது தரையில் எத்தனை மைல் என்று லாம்ப்டன் கணக்கிட்டார். சுமார் 68¾ மைல் என்று வந்தது. துருவத்தை நெருங்க நெருங்க இது 69 மைலுக்கு மேற்படுகிறது. இதிலிருந்து என்ன ஏற்படுகிறது? பூமி பந்துபோல் சீரான உருண்டையல்ல; துருவங்களில் சற்றே தட்டிய உருண்டை. நியூட்டன் கணக்கினால் ஊகித்ததைச் சோதிக்க 1730-களில் பிரெஞ்சு விஞ்ஞானிகள் பெரு தேசத்திற்கும் லாப்லாந்துக்கும் போய் அளந்தார்கள். அந்த விவாதத்தில் தென்னாட்டின் சாட்சியம் பரங்கிமலையிலிருந்து புறப்பட்டது.

பிறகு மேற்கே திரும்பினார். படத்தைச் சற்று விரித்துப் பார்க்கும் நேயர்களுக்கு ஓர் அழகான விஷயம் புலப்படும். தாம்பரம், பெங்களூர், மங்களூர் மூன்றும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில், அதாவது 13 டிகிரிக்குச் சற்றே தெற்கில், கிடக்கின்றன. தாம்பரத்தில் நின்று நேர் மேற்கே கோடு இழுத்தால் அது பெங்களூரை ஒட்டிச் சென்று மங்களூர்க் கடற்கரையில் முடியும். ஆகாயத்தின் சாய்வு மூன்று ஊருக்கும் ஒன்றே. ஆனால் சூரியன் வரும் நேரம் ஒன்றல்ல. பூமி ஒரு டிகிரி திரும்ப நாலு நிமிஷம் ஆகிறது. மங்களூர் தாம்பரத்திற்கு மேற்கே ஐந்தேகால் டிகிரி. ஆகவே தாம்பரத்தில் உச்சிப்பொழுது ஆகி 21 நிமிஷம் கழித்தே மங்களூரில் உச்சிப்பொழுது. தீர்க்கரேகை என்பது இந்த நேர வித்தியாசத்தின் மறுபெயர்தான். (நமது கடிகாரங்களோ 82½ டிகிரித் தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகின்றன, அதனால் வருஷ சராசரியில் தாம்பரத்துச் சூரியன் 12 மணிக்குப் பத்து நிமிஷம் தாமதித்தே உச்சிக்கு வருகிறது. குற்றம் சூரியன் மீதல்ல.)

1804இல் பெங்களூர் அருகே சங்கிலியை மறுபடியும் தரைக்குக் கொண்டுவந்து இன்னொரு கோடு அளந்தார்கள். சென்னையிலிருந்து முக்கோணம் முக்கோணமாக வந்த கணக்கு அந்தக் கோட்டின் நீளம் இவ்வளவு என்று முன்கூட்டியே சொல்லியிருந்தது. சங்கிலி சொன்னதற்கும் கணக்கு சொன்னதற்கும் வித்தியாசம் 3.7 அங்குலம். சுமார் இருநூறு மைல் கண்ணாலேயே அளந்துகொண்டு வந்து, ஏழு மைல் கோட்டில் நாலு அங்குலம்கூடப் பிசகவில்லை. தன் கணக்கைத் தானே சோதனைக்கு உட்படுத்திய இந்தக் காரியத்தையே லாம்ப்டன் சரித்திரத்தில் மிக உயர்ந்த கட்டமாக நாம் கருதுகிறோம்.

மேற்குக் கடலை எட்டியதும் ஓர் உண்மை வெளிவந்தது. பழைய படங்கள் இந்த அட்சத்தில் தீபகற்பத்தின் அகலத்தை 400 மைல் என்று காட்டியிருந்தன. உண்மையில் 360 மைல்தான். நாற்பது மைல் நிலம் காகிதத்தில் மட்டுமே இருந்தது! அப்படியும் செலவுக் கணக்குப் பார்ப்பவர்கள் விடவில்லை. ஸ்ரீரங்கப்பட்டணத்திற்குப் போகவேண்டியவன் பல்லக்குத் தூக்கிகளிடம் ஊர்ப்பெயரைச் சொன்னால் போதுமே, இதற்குப் படமும் பணமும் எதற்கு என்ற பொருள்பட நிதிக் கமிட்டி அங்கத்தினர் ஒருவர் பேசியதாகக் கூறுவதுண்டு. நிதிக் கமிட்டிகள் எக்காலத்திலும் எத்தேசத்திலும் ஒன்றே போலும்.

பின்னர் தெற்கே திரும்பியபோது சோழநாட்டுச் சமவெளி அவரைத் திணற அடித்தது. குன்றே கிடையாது; எங்கு பார்த்தாலும் தென்னை மறைக்கிறது. கோபுரங்களே குன்றுகளாயின. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் தியோடலைட்டை ஏற்றுகையில் கயிறு அறுந்தது. அரை டன் யந்திரம் கற்சுவரில் மோதிற்று. கோணம் அளக்கும் வட்டம் உருக்குலைந்தது. வேறொருவராக இருந்தால் லண்டனுக்கு எழுதிவிட்டு உட்கார்ந்திருப்பார். லாம்ப்டன் அதைத் திருச்சிராப்பள்ளிக்குக் கொண்டுபோய், கூடாரத்தில் அடைபட்டு, ஆறு வாரம் ஆப்பு வைத்தும் திருகியும் இழுத்தும் வட்டத்தைப் பழைய வட்டமாக்கினார். அதற்கப்புறம் அந்த யந்திரம் பல வருஷம் உழைத்தது. ராஜராஜன் எடுப்பித்த விமானத்திற்குச் சேதம் விளைந்ததாகச் செய்தி இல்லை.

1809இல் முக்கோணங்கள் கன்னியாகுமரியைத் தொட்டன. பிறகு வடக்கே ஏறலாயின. 1815 வாக்கில், குமரியிலிருந்து ஏறத்தாழ பத்து டிகிரி நீளமுள்ள பெருங்கோடு ஹைதராபாத் சமஸ்தானத்தினுள் சென்றுவிட்டது. 1817இல் லண்டன் ராயல் சொஸைட்டி அவரை அங்கத்தினராக்கிற்று; பாரிஸ் விஞ்ஞானக் கழகமும் கௌரவித்தது. 1818இல் அவரது வேலை சென்னை சர்க்காரிடமிருந்து கவர்னர் ஜெனரலிடம் மாற்றப்பட்டு, இந்தியாவின் மகா திரிகோண சர்வே என்ற பெயர் பெற்றது. ஜார்ஜ் எவரெஸ்ட் என்ற இளைஞர் உதவிக்கு வந்தார். முதலில் அவர் கண்டது வயோதிகத்தால் தளர்ந்து, அதிகம் பேசாத ஒரு மனிதரை. ஆனால் யந்திரத்தின் திருகைத் தொட்டதும் அந்த வயோதிகம் எங்கோ மறைந்து போனதையும் எவரெஸ்ட் கண்டார். 1819இல் கிருஷ்ணா, கோதாவரிக் காடுகளில் எவரெஸ்டின் கூட்டத்தார் அனைவரும் காய்ச்சலில் விழுந்தனர், பலர் மாண்டனர். அவர்களும் பெயரில்லாதவர்களே.

1823 ஜனவரி 20ஆம் தேதி, ஹைதராபாத்திலிருந்து நாகபுரிக்குச் செல்லும் வழியில், வார்தா பக்கத்திலுள்ள ஹிங்கன்காட் என்ற ஊரில் கூடாரத்திலேயே லாம்ப்டன் காலமானார். வயது ஏறத்தாழ எழுபது. அதுவரை முக்கோணங்கள் மூடிய பரப்பு 1,65,342 சதுர மைல். அவரது சமாதி அங்கே இருக்கிறது.

பெருங்கோட்டை 1841இல் இமயத்தின் அடிவாரத்தில் முடித்தவர் எவரெஸ்ட். அதன் கிளைகளைக் கொண்டுதான் 1850-களில் உலகின் மிக உயர்ந்த சிகரம் 29,002 அடி என்று கண்டார்கள். அந்தக் கணக்கில் முக்கிய பங்கு கொண்டவர் ராதாநாத் சிக்தார் என்ற வங்காளி. சிகரத்திற்கு வைத்த பெயரோ எவரெஸ்ட். லாம்ப்டனுக்குக் கிடைத்தது பரங்கிமலையில் ஒரு சிலை. 1794இல் சென்னையில் தொடங்கிய சர்வே பள்ளியில் பயின்று, லாம்ப்டனின் வலக்கையாக விளங்கிய ஜோஷுவா டி பென்னிங்குக்கு அதுவும் இல்லை. அந்தப் பள்ளியே வளர்ந்து இன்று பரங்கிமலைக்கு அருகே கிண்டி எஞ்சினீரிங் கல்லூரியாக நிற்கிறது.

படம் இருந்தும்

லாம்ப்டன் அடித்தளமிட்ட எலும்புக்கூட்டின் மேல் பிற்காலத்தவர் ஊரையும் ஏரியையும் ஓடையையும் வரைந்தார்கள். ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகளையும் போட்டார்கள். அந்தக் கோடுகளைப் படிக்கத் தெரிந்தவனுக்குத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று ஒருவரும் சொல்லவேண்டியதில்லை. கோடுகள் நெருங்கினால் சரிவு, விலகினால் சமதரை, சமதரையின் நடுவே தாழ்வு தெரிந்தால் அங்கே தண்ணீர் நிற்கும்.

தாம்பரத்தையே எடுத்துக்கொள்ளலாம். ஊர் ஒன்றுதான், ஆனால் நீருக்கு அது ஒரே பிரதேசமல்ல. கிழக்கே சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் ஏரிகளின் உபரி நீர் படிப்படியாகப் பள்ளிக்கரணைச் சதுப்புக்கு இறங்குகிறது. மேற்கே முடிச்சூர்ப் பக்கத்து நீர் அடையாற்றுக்குப் போகிறது. முனிசிபல் எல்லை வேறு, நீரின் எல்லை வேறு. மாகாணம், ஜில்லா, தாலுகா ஆகிய எல்லைகளை சர்க்கார் மாற்றலாம். இந்த எல்லையை மாற்ற எந்த உத்தரவாலும் ஆகாது. 2015 டிசம்பரில் அது நிரூபணமாயிற்று. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வெள்ளம் வீடுகளுக்குள் ஏறிற்று. ஜனங்களைப் படகில் மீட்க நேர்ந்தது. வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி மனை வாங்கியவர்கள் பத்திரத்தைப் பார்த்தார்கள், வில்லங்கம் பார்த்தார்கள், ரயில் ஸ்டேஷன் எத்தனை நிமிஷம் என்று பார்த்தார்கள். மனை கடல் மட்டத்திலிருந்து எத்தனை அடி உயரம், பக்கத்து ஏரியின் கலங்கல் எந்தப் பக்கம் என்று பார்த்தவர்கள் எத்தனை பேர்? அவர்களை மட்டும் குறைகூறுவது தர்மமாகாது. தாழ்ந்த நிலத்தை வீட்டுமனையாகப் பிரிக்க அனுமதித்தவர்களின் மேஜையிலும் அந்தப் படம் இருந்தது.

ஒரு காலத்தில் சாதாரணக் குடிமகன் பார்க்க வழியில்லை என்று சொல்லிக்கொள்ள இடமிருந்தது. 1767இல் தோன்றிய இந்திய சர்வே இலாகா தன் 250ஆம் ஆண்டான 2017இல், பொதுமக்களுக்கு உரிய வரிசைப் படங்களைக் குடிமக்கள் இலவசமாகப் பெற ஏற்பாடு செய்தது. 2021 பிப்ரவரியில் நில அளவை, படத் தயாரிப்பு ஆகியவற்றின் மீதிருந்த கட்டுப்பாடுகளையும் மத்திய சர்க்கார் பெரும்பாலும் தளர்த்தியது. அரசியல் ஊழியர்கள் நடத்தும் படிப்பகங்களிலும் சங்கங்களிலும் தலைவர்களின் படங்களுக்கு அருகே அந்தந்த வட்டாரத்தின் படம் ஒன்றும் தொங்கினால், ஏரி ஆக்கிரமிப்பைப் பற்றி மகஜர் எழுதுகிறவர்கள் உணர்ச்சியோடு ஆதாரத்தையும் சேர்த்து எழுதலாம். 2022இல் பள்ளிக்கரணைச் சதுப்பு சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் ஜாபிதாவில் சேர்க்கப்பட்டது. அதன் பழைய பரப்பு எவ்வளவு, எஞ்சியது எவ்வளவு என்று காட்டவும் பழைய படங்களே சாட்சி.

படத்தைக் கையில் எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது ஓரத்தில் எழுதியுள்ள அளவுவிகிதம். ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு என்றிருந்தால், படத்தில் இரண்டு சென்டிமீட்டர் தரையில் ஒரு கிலோமீட்டர். அந்த விகிதத்தில் சென்னையின் தென்புறத்தைக் காட்டும் தாளில் பரங்கிமலையிலிருந்து நேர் தெற்கே பெரும்பாக்கம் வரை ஓர் அடிக்கோலை வைத்தால், லாம்ப்டன் 1802இன் கோடையில் அளந்த கோடு 24 சென்டிமீட்டர் வருகிறது.